ஆவணப் பட்டியலை இணையத்தில் ஏற்றுவது – கடிதம்

வணக்கம் சார்,

பழைய ஆவணங்களைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். நான் தென்மாவட்டம் ஒன்றில், நூறாண்டு கடந்த ஒரு கல்லூரியில் நூலகராக இருக்கிறேன். எங்கள் நூலகத்தின் பின்னறையில் நிறுவனரின் கடிதங்கள், தாளாளர் அலுவலகக் கோப்புகள், விடுதிப் பதிவேடுகள், கட்டட வரைபடங்கள் என்று அலமாரி அலமாரியாக இருக்கின்றன. எனக்கு முன்னால் இருந்தவர் பொறுமையாக உட்கார்ந்து இவற்றுக்கு ஒரு பட்டியல் போட்டு வைத்திருக்கிறார். கொஞ்சம் வேர்டில், கொஞ்சம் எக்செலில், பாதிக்கு மேல் பாமினி எழுத்துருவில். ஆய்வாளர்கள் இருந்த இடத்திலிருந்தே தேடிப் பார்க்கும்படி இதை இணையத்தில் போட வேண்டும் என்பது என் ஆசை. நூலகத்தில் ஏற்கெனவே கோஹா என்ற நூலக மென்பொருள் இருக்கிறது, அதிலேயே ஏற்றிவிடுங்கள் என்கிறது நிர்வாகம். கணினித் துறை மாணவர்கள் ஆர்க்லைட் என்று ஒன்றைச் சொல்கிறார்கள். அக்சஸ் டு மெமரி என்று இன்னொன்றும் கேள்விப்பட்டேன். பணம் அதிகம் இல்லை. எதை எடுப்பது? தமிழில் தேடினால் ஒழுங்காகக் கிடைக்குமா?

(பெயரும் கல்லூரியும் வெளியிட வேண்டாம்.)

அன்புள்ள நூலகருக்கு,

கோஹா வேண்டாம். அது அருமையான மென்பொருள்தான், ஆனால் புத்தகங்களுக்கானது. ஒரு புத்தகத்துக்கு ஒரு பதிவு, தலைப்பும் ஆசிரியரும் பதிப்பாண்டும் அந்தப் பதிவுக்குள்ளேயே இருக்கும். உங்களிடம் இருப்பது அப்படிப்பட்ட பட்டியல் இல்லை. உங்களுக்கு முன்னால் இருந்தவர் எழுதிய ஒரு வரி அநேகமாக இப்படி இருக்கும்: ‘1936–38, 42 தாள்கள்.’ அவ்வளவுதான். அதற்கு மேலே ‘பல்கலைக்கழகத்துடன்’ என்று ஒரு உபதலைப்பு, அதற்கு மேலே ‘கடிதப் போக்குவரத்து’, எல்லாவற்றுக்கும் மேலே ‘தாளாளர் அலுவலகம்’. நான்கையும் சேர்த்து வாசித்தால்தான் அந்தக் கோப்பு என்னவென்று தெரியும்.

அவர் அப்படி எழுதியது தவறில்லை. உலகம் முழுக்க ஆவணக்காப்பாளர்கள் ஃபைண்டிங் எய்ட் என்கிற விவரப்பட்டியலை அப்படித்தான் எழுதுகிறார்கள். சர்வதேச ஆவணக் காப்பக மன்றத்தின் ஐசாட்-ஜி விதிமுறை (இரண்டாம் பதிப்பு 2000-ல் வந்தது) பொதுவிலிருந்து தனிக்குப் போ, மேல் நிலையில் சொன்னதைக் கீழ் நிலையில் திரும்பச் சொல்லாதே என்று தெளிவாகவே சொல்கிறது. தாளில் வாசிக்கும்போது இது மிகவும் சரியான விதி. வாசிப்பவரின் கண் மேலே போய்த் தலைப்பைப் பார்த்துவிட்டுக் கீழே வந்துவிடும். ஆனால் இதே பட்டியலை வரிவரியாகப் பிய்த்து ஒரு தேடுபொறியில் போட்டால், ‘தாளாளர் பல்கலைக்கழகம் கடிதம் 1936’ என்று தேடுகிற ஆய்வாளருக்கு அந்தக் கோப்பு கிடைக்கவே கிடைக்காது, ஏனென்றால் அந்த வரியில் தாளாளரும் இல்லை, பல்கலைக்கழகமும் இல்லை, கடிதம் என்ற சொல்லும் இல்லை. வேறெதையோ தேடும்போது தற்செயலாக வந்து விழுந்தாலும் ‘1936–38’ என்று மொட்டையாக நிற்கும். யாரும் அதைத் திறக்க மாட்டார்கள். பட்டியல் போடவே போடாததற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஆகவே நீங்கள் எந்த மென்பொருளைப் பார்த்தாலும் அதனிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். மேலே இருக்கும் தலைப்புகளை அது கீழே இருக்கும் கோப்போடு சேர்த்தே தேடுகிறதா, தேடல் முடிவிலும் சேர்த்தே காட்டுகிறதா? மற்ற வசதிகளெல்லாம் அப்புறம்தான்.

இந்தப் பிரச்சினை புதிதல்ல. 1993-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி நூலகத்தில் டேனியல் பிட்டி தலைமையில் இதற்காகவே ஒரு திட்டம் தொடங்கினார்கள். நூலகங்கள் பயன்படுத்தும் மார்க் வடிவத்தில் இவற்றை அடைக்க முடியுமா என்று பார்த்தார்கள், சரிவரவில்லை. ஒரு பதிவின் நீளத்துக்கு அதில் உச்சவரம்பு உண்டு, அடுக்கடுக்கான உறவுகளைச் சொல்லவும் அதில் சரியான வழி கிடையாது. அதனால் பட்டியலின் அடுக்கமைப்பை அப்படியே குறிச்சொற்களால் எழுதும் ஒரு வடிவத்தை உருவாக்கினார்கள். அதுதான் ஈ.ஏ.டி. முதல் பதிப்பு 1998-ல் வந்தது, பிறகு 2002 பதிப்பு, 2015-ல் மூன்றாவது. இன்றைக்கும் நடைமுறையில் நிறைய இடங்களில் ஓடுவது 2002 பதிப்புதான். நிர்வாகம் மறுபடி கோஹாவைச் சொன்னால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். கோஹாவும் உள்ளே மார்க்தான்.

மாணவர்கள் சொல்லும் ஆர்க்லைட், தேடலை மட்டும் எடுத்துக்கொண்டால், எனக்குத் தெரிந்து மிக அழகாக இந்த வேலையைச் செய்கிறது. ஸ்டான்ஃபோர்டில் தொடங்கிய திட்டம், டியூக்கிலும் பிரின்ஸ்டனிலும் இதை வைத்துத்தான் தங்கள் சேகரங்களைக் காட்டுகிறார்கள். பட்டியலின் ஒவ்வொரு வரியையும் தனித்தனி ஆவணமாக சோலர் தேடுபொறிக்குள் போடும், கூடவே அதன் பெற்றோர், பாட்டன் தலைப்புகளையும் ஒட்டிவிடும். முடிவுகளைச் சேகரம் வாரியாகத் தொகுத்தும் காட்டும். ஆனால் அது காட்டுகிற மென்பொருள் மட்டும்தான். பட்டியலை எழுதவோ திருத்தவோ அதில் இடம் கிடையாது. முழுதாகத் தயாரான ஈ.ஏ.டி. கோப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் அது வேலையைத் தொடங்கும். உங்களிடம் ஈ.ஏ.டி.யே இல்லை. தவிர, அது எழுதப்பட்டிருக்கும் ரூபி ஆன் ரெயில்ஸ் என்ற நிரலாக்கக் கட்டமைப்பு தெரிந்த ஒருவர் எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும். இப்போது ஆர்வமாக இருக்கும் மாணவர்கள் படிப்பை முடித்துப் போன பிறகு யார் பார்ப்பார்கள்?

ஆர்கைவ்ஸ்ஸ்பேஸ் என்று இன்னொன்று உண்டு, 2013-ல் வந்தது. ஆவணங்கள் உள்ளே வருவது முதல் எந்தப் பெட்டி எந்த அலமாரியில் என்பது வரை கணக்கு வைக்கும். ஆவணப் பணிக்கென்றே ஒரு குழு இருக்கும் இடங்களுக்கு அது பொருத்தம்.

உங்களுக்கு அக்சஸ் டு மெமரிதான். சுருக்கமாக ஏ டு எம் என்கிறேன். சர்வதேச ஆவணக் காப்பக மன்றத்தின் முன்முயற்சியில் பிறந்தது, கனடாவின் ஆர்ட்டிஃபாக்சுவல் நிறுவனம் வளர்க்கிறது, இலவசம், மூலநிரலும் திறந்தது. எழுதுவது, திருத்துவது, பொதுமக்களுக்குக் காட்டுவது எல்லாம் ஒரே இடத்தில், உலாவியிலேயே செய்யலாம். பதிவுக்குப் பக்கத்திலேயே மர வடிவில் அடுக்கு தெரியும். பிற்காலத்தில் ஆர்க்லைட்டுக்குப் போக வேண்டும் என்றால் இதிலிருந்தே ஈ.ஏ.டி. 2002-ஆக வெளியே எடுத்துக்கொள்ளலாம், உழைப்பு வீணாகாது. நான் இதைச் சொல்ல முக்கியக் காரணம் வேறு: உங்கள் எக்செல் பட்டியலை இதற்குள் கொண்டுவர நேரான வழி இருக்கிறது.

அந்த வழிதான் உங்கள் உண்மையான வேலை. இறக்குமதிக்கு ஒரு மாதிரி விரிதாளை அவர்களே தருகிறார்கள். அதில் இரண்டு நெடுவரிசைகளைக் கவனியுங்கள். ஒன்றில் ஒவ்வொரு வரிக்கும் நீங்கள் கொடுக்கும் எண், இன்னொன்றில் அந்த வரி எதற்குக் கீழே வருகிறதோ அதன் எண். ‘தாளாளர் அலுவலகம்’ 1, பெற்றோர் காலி. ‘கடிதப் போக்குவரத்து’ 2, பெற்றோர் 1. ‘பல்கலைக்கழகத்துடன்’ 3, பெற்றோர் 2. ‘1936–38’ 4, பெற்றோர் 3. பெற்றோர் வரி எப்போதும் பிள்ளை வரிக்கு மேலே இருக்க வேண்டும், மாறினால் பிள்ளை அநாதையாக நிற்கும். வேர்டு கோப்பில் உள்தள்ளியும் தடித்த எழுத்திலும் காட்டியிருப்பதை எல்லாம் இந்த இரண்டு எண்களாக மாற்ற வேண்டும், அதை எந்த நிரலும் நம்பகமாகச் செய்யாது. பட்டியலைப் போட்டவர் இன்னும் தொடர்பில் இருந்தால் அவரைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். எந்தக் கோப்பு எதற்குக் கீழே என்பது அவருக்குத்தான் தெரியும். கடைசி வரித் தலைப்பையும் ‘1936–38’ என்று விடாமல் ‘பல்கலைக்கழகத்துடன் கடிதங்கள், 1936–38’ என்று விரித்து எழுதிவிடுங்கள் என்பது என் கருத்து. ஐசாட்-ஜி விதியை எழுத்துக்கு எழுத்து பார்ப்பவர்கள் முகம் சுளிக்கலாம். பரவாயில்லை, இணையத்தில் வாசகர் நடுவில் எங்கோதான் வந்து இறங்குகிறார், மேலிருந்து வருவதில்லை.

தமிழ்த் தேடல் கிடைக்குமா என்று கேட்டீர்கள். கிடைக்கும், பட்டியலைச் சுத்தம் செய்து ஏற்றினால். பாமினிக் கோப்புகளில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான், எழுத்துரு அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இணையத்திலேயே நிறைய இருக்கின்றன. ஆனால் விரிதாளின் ஒரே கட்டத்துக்குள் பாமினித் தமிழும் உண்மையான ஆங்கிலச் சொல்லும் கலந்திருந்தால், மாற்றும்போது அந்த ஆங்கிலச் சொல் அர்த்தமில்லாத தமிழ் எழுத்துக்கோவையாகிவிடும். ஆகவே எழுத்துரு வாரியாகப் பிரித்து மாற்றுங்கள், மொத்தமாகத் தூக்கிப் போடாதீர்கள்.

யூனிகோடுக்கு வந்த பிறகும் வேலை இருக்கிறது. ஸ்ரீவைகுண்டம் என்ற ஊர்ப்பெயரை எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் நன்கொடைக் கோப்புகளில் கட்டாயம் இருக்கும். அந்த முதல் எழுத்தைக் கணினியில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: பழைய முறையில் நமக்குத் தெரிந்த ‘ஸ’வில் தொடங்கி, அல்லது 2005-ல் யூனிகோடில் சேர்ந்த ‘ஶ’வில் தொடங்கி. திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே, தேடுபொறிக்கு வேறு வேறு. ஒரு விசைப்பலகையில் தட்டச்சு செய்தவரின் ஸ்ரீவைகுண்டம் இன்னொரு விசைப்பலகையில் தேடுபவருக்கு அகப்படாது. ‘கௌரவம்’ என்பதில் ‘ள’வைப் போட்டு ‘கெளரவம்’ என்று அடித்திருப்பார்கள், அதுவும் இதே கதை. ‘கொ’வை ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக அடித்தவர்களும் உண்டு. இந்தக் கடைசிச் சிக்கலை யூனிகோடின் என்.எஃப்.சி. ஒழுங்குபடுத்தல் (பிரித்து அடித்த குறிகளை ஒரே குறியாகச் சேர்க்கும் முறை) தீர்த்துவிடும், முதல் இரண்டையும் அது தொடாது. அவற்றை விரிதாளிலேயே தேடி மாற்றிவிட வேண்டும். மாணவர்களுக்குக் கொடுக்க நல்ல வேலை இதுதான், பைத்தானில் சில வரிகளில் முடிந்துவிடும். தேடுபவர் அடிப்பதை நாம் திருத்த முடியாது என்பதால், தேடுபொறியின் அமைப்பிலும் இந்த மாற்றங்களை ஒருமுறை எழுதிவைக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் பன்மை விகுதியும் வேற்றுமை உருபுகளும். ஏ டு எம்முக்குள் தேடலைச் செய்வது எலாஸ்டிக்சர்ச் என்ற தேடுபொறி. அதில் இந்தி, வங்காளத்துக்குத் சொல்லின் விகுதிகளை நீக்கிப் பார்க்கும் தனிப் பகுப்பான்கள் இருக்கின்றன, தமிழுக்கு இல்லை. ‘கடிதம்’ என்று தேடினால் ‘கடிதங்கள்’, ‘கடிதத்தில்’ வராது. ‘கடித’ என்று அடித்து நட்சத்திரக் குறி போட்டால் மூன்றும் வந்துவிடும். தேடல் பெட்டிக்குக் கீழேயே இதை ஒரு வரி எழுதிவையுங்கள். ‘வீடு’, ‘வீட்டில்’ போன்ற சொற்களில் இந்த உத்தியும் உதவாது, அதனால் முக்கியமான பொருள்களையும் ஊர்களையும் பதிவுகளில் குறிச்சொற்களாகச் சேர்த்துவிடுவது நல்லது. ஊர்ப்பெயருக்கு மாற்றுப் பெயர் கொடுக்கவும் அதில் இடம் இருக்கிறது. தூத்துக்குடிக்கு டூட்டிகோரின், திருநெல்வேலிக்கு டின்னவேலி. ஆங்கில ஆட்சிக்காலக் கடிதங்களைத் தேடுபவர்களுக்கு இது இல்லாமல் முடியாது.

நிறுவுவது இதை எல்லாம்விட எளிது. உபுண்டு, மைஎஸ்க்யூஎல், பிஎச்பி, என்ஜின்எக்ஸ், எலாஸ்டிக்சர்ச் ஆகிய மென்பொருள்களை, ஏ டு எம்மின் நிறுவல் கையேட்டில் சொன்ன வரிசையில், அவர்கள் சொன்ன பதிப்பு எண்களோடு போட்டால் ஓடும். புதிய பதிப்பு வந்திருக்கிறதே என்று எலாஸ்டிக்சர்ச்சை மட்டும் உயர்த்திப் போடாதீர்கள். 8 ஜிபி நினைவகம் உள்ள கணினி போதும். கட்டளை வழியாக இறக்குமதி செய்தால் கடைசியில் தேடல் அட்டவணையை மறுபடி கட்டும் கட்டளையையும் ஓட்ட வேண்டும். பதிவு ஏறியிருக்கிறது, தேடினால் வரவில்லை என்று பதறுகிற பலருக்கும் நடந்திருப்பது இதுதான். எலாஸ்டிக்சர்ச் பயன்படுத்தும் 9200 என்ற பிணைய வாயிலை (போர்ட்) எந்தக் காரணத்துக்காகவும் வெளி இணையத்துக்குத் திறக்க வேண்டாம். தரவுத்தளத்தையும் பதிவேற்றக் கோப்புகளையும் தினம் இரவு வேறொரு இயந்திரத்துக்கு நகலெடுக்க ஏற்பாடு செய்துவிட்டு, பிறகு முகவரியை வெளியிடுங்கள்.

விடுதிப் பதிவேடுகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லியாக வேண்டும். அந்தக் காலப் பதிவேடுகளில் மாணவர் பெயர், தகப்பனார் பெயர், சாதி, கட்டணச் சலுகை எல்லாம் ஒரே வரிசையில் இருக்கும். அந்தக் குடும்பங்கள் இன்றும் அதே ஊர்களில் இருக்கின்றன. ‘விடுதிச் சேர்க்கைப் பதிவேடு, 1941–46, ஒரு தொகுதி’ என்பது வரை இணையத்தில் போடுங்கள், சமூக வரலாறு எழுதுபவர்களுக்கு அப்படி ஒன்று இருக்கிறது என்று தெரிவதே பெரிய உதவி. உள்ளே இருக்கும் பெயர்களைப் போடாதீர்கள். நேரில் வருபவருக்கு எந்த நிபந்தனையில் காட்டுவது என்பதைக் கல்லூரி எழுத்தில் முடிவு செய்யட்டும். ஏ டு எம்மில் ஒவ்வொரு பதிவையும் வரைவு நிலையிலேயே வைத்திருக்க முடியும், கடவுச்சொல் கொடுத்து உள்ளே நுழைந்தவர்களுக்கு மட்டும்தான் அது தெரியும். எல்லாவற்றையும் முதலில் வரைவாகவே ஏற்றுங்கள். தாளாளர் கடிதங்களை ஒரு தொகுதியாகச் சரிபார்த்து வெளியிட்டுவிட்டு, பதிவேடுகளுக்குக் கடைசியில் வாருங்கள்.

பட்டியலிலிருந்து ஒரு பக்கத்தை அப்படியே, திருத்தாமல் அனுப்புங்கள். எண் போட்டு விரிதாளாக மாற்றித் திருப்பி அனுப்புகிறேன், மீதியை மாணவர்கள் அதைப் பார்த்துச் செய்துவிடுவார்கள்.