சர்ஜரிக்கு அப்புறம் எடை திரும்ப ஏறுதா, சாப்பாடு தடம் மாறிடுச்சா? கேள்வி பதில்

எடைக்குறைப்பு சர்ஜரி பண்ணவங்களோட சாப்பாட்டு விஷயத்தை மட்டும் பாக்குற டயட்டீஷியன் நான், ஸ்லீவ் (வயித்தை வெட்டி குழாய் மாதிரி ஆக்கறது), பைபாஸ் (வயித்தை சின்ன பையாக்கி குடலோட நேரா இணைக்கறது) ரெண்டும் பாப்பேன். ஸ்கேன் ரிப்போர்ட் போட்டு அர்த்தம் கேக்காதீங்க, அது உங்க சர்ஜன் வேலை. இன்னொண்ணு, நாள் கணக்கா வாந்தி நிக்காம இருக்கிறவங்க இங்க டைப் பண்ணிட்டு இருக்காம ஆஸ்பத்திரிக்கு கிளம்புங்க. மத்தவங்க கேளுங்க.

கேள்வி (மூணாவது வருஷம்): அக்கா, ஸ்லீவ் பண்ணி மூணு வருஷம். 38 கிலோ குறைஞ்சுது, அதுல 14 திரும்ப ஏறிடுச்சு. வயிறு விரிஞ்சு பழையபடி ஆயிடுச்சா? எங்க இருந்து ஆரம்பிக்கிறதுன்னே தெரியல.

பதில்: பழையபடி ஆகவே ஆகாது. ஸ்லீவ்ல வயித்துல முக்கால் பாகத்துக்கு மேல வெட்டி வெளிய எடுத்துடறாங்க, அது திரும்ப முளைக்காது. மிச்சம் இருக்கிற குழாய் நாளாக ஆக கொஞ்சம் இளகும், ரெண்டு வருஷத்துக்கு அப்புறம் எடை கொஞ்சம் ஏறுறதும் நிறைய பேருக்கு நடக்கறதுதான். ஆனா 38ல 14ங்கறது அந்த "கொஞ்சம்" இல்ல, அதனால என்ன சாப்பிடுறீங்கன்னு பாத்துதான் ஆகணும்.

ஒண்ணு பண்ணிப் பாருங்க. நல்லா பசிக்கும்போது கோழியோ கெட்டியான மீனோ எடுத்து, கூட தண்ணி குடிக்காம, நல்லா மென்னு மெதுவா சாப்பிடுங்க. சின்ன தட்டு காலியாகறதுக்குள்ள போதும்னு தோணுச்சுன்னா உங்க வயிறு ஒழுங்கா வேலை செய்யுதுன்னு அர்த்தம். அதே வயித்துக்குள்ள சாயந்திரம் பிஸ்கட் பாக்கெட் ஒண்ணு முழுசா போயிடும், சிப்ஸ் போகும், ஐஸ்கிரீம் போகும், ஏன்னா இதெல்லாம் கூழா கரைஞ்சு நிக்காம வழுக்கிட்டு இறங்கிடும். வயிறு நிறைஞ்சுதுங்கற சிக்னலே வராது. பெரும்பாலும் எடை ஏறுறது இந்த வழியாத்தான், விருந்து சாப்பாட்டுல இல்ல.

அதனால முதல் வாரம் கலோரி எண்ண வேணாம். வேளைக்கு வேளை சாப்பிடுங்க, நடுவுல கொறிக்கிறதை நிறுத்துங்க, அவ்ளோதான். அடுத்த வாரம் தட்டுல ப்ரோட்டீனை முதல்ல சாப்பிட்டு முடிக்கிற பழக்கம். பொதுவா ஒரு நாளைக்கு 60ல இருந்து 80 கிராம் சொல்லுவோம். ஒரு முட்டைல 6 கிராம்தான் இருக்கு, வெந்த கோழி 100 கிராம்ல 30 கிட்ட வரும், கணக்கு போட்டுக்கோங்க. சாப்பிட்டு அரை மணி நேரம் தண்ணி வேணாம், மீதி நேரத்துல ஒன்றரை லிட்டராவது போகணும். எல்லாத்தையும் திங்கக்கிழமைல இருந்து ஒண்ணா ஆரம்பிச்சா வியாழக்கிழமை விட்டுடுவீங்க. அப்படியே பி12, இரும்பு, வைட்டமின் டி, தைராய்டு ஒரு தடவை பாத்துடுங்க, சத்து மாத்திரை எப்ப நிறுத்துனீங்கன்னு நீங்க சொல்லவே இல்லையே?

கேள்வி: 5 நாள் லிக்விட் மட்டும் குடிச்சா வயிறு சுருங்கி ரீசெட் ஆகுமாமே?

பதில்: ஆகாது. ஒரு வாரம் ஷேக் குடிச்சு வயிறு சுருங்குதுன்னு எந்த ஆதாரமும் கிடையாது. எடை இறங்குற மாதிரி தெரியறது பெரும்பாலும் தண்ணி, ஆறாவது நாள் காஞ்ச மாடு கம்புல பாஞ்ச மாதிரி சாப்பிடுவீங்க. உங்களுக்கு வேண்டியது மென்னு சாப்பிடுற திட உணவு, இது அதுக்கு நேர் எதிர்.

கேள்வி (பைபாஸ் 2 வருஷம்): சாப்பிட்டு ரெண்டு மணி நேரத்துல கை நடுங்குது, வேர்த்து கொட்டுது, கண்ணு இருட்டுது. ஜூஸ் குடிச்சா சரியாகுது, கொஞ்ச நேரத்துல திரும்ப வருது. இதனால நாள் பூரா எதையாவது தின்னுட்டே இருக்கேன்.

பதில்: இது லேட் டம்பிங் மாதிரி இருக்கு, சாப்பாடு வேகமா குடலுக்குள்ள கொட்டுறதால வர்ற தொந்தரவுக்குத்தான் டம்பிங்னு பேரு. சாப்பிட்ட அரை மணிக்குள்ள வயித்து வலி, படபடப்பு, பேதி வந்தா அது வேற, அது எர்லி டம்பிங். உங்க விஷயத்துல என்ன நடக்குதுன்னா, மாவுச்சத்தும் இனிப்பும் வேகமா குடலுக்குள்ள இறங்குது, சுகர் சட்டுனு ஏறுது, உடம்பு இன்சுலினை அள்ளி விடுது, ஒண்ணுல இருந்து மூணு மணி நேரத்துக்குள்ள சுகர் கீழ போயிடுது. நீங்க திரும்ப ஜூஸை ஊத்துறீங்க, திரும்ப இன்சுலின், திரும்ப நடுக்கம். மயக்கம் வர்ற நேரத்துல இனிப்பு எடுத்துத்தான் ஆகணும், ஆனா கொஞ்சமா எடுத்து, சரியானதும் உடனே ஒரு முட்டையோ கொஞ்சம் நட்ஸோ சாப்பிடுங்க. அடுத்த வேளைல ஜூஸ், சர்க்கரை போட்ட பானம் எல்லாம் வெட்டு, மாவுச்சத்து குறைச்சலா, ப்ரோட்டீனோட சேத்து. நடுக்கம் வரும்போது குளுக்கோமீட்டர்ல பாத்து எழுதி டாக்டர்கிட்ட காட்டுங்க. அது வரைக்கும் அந்த நேரத்துல வண்டி ஓட்டாதீங்க.

கேள்வி: 3 நாள் ரீசெட், ஆனா பழம் சேத்துக்கலாமா?

பதில்: மேல படிங்க.

கேள்வி (பயந்தாங்கொள்ளி): ஸ்லீவ் பண்ண இடத்துல லீக் ஆகி திரும்ப ஆபரேஷன், மாசக்கணக்கா ட்யூப்ல சாப்பாடு. இப்ப எல்லாம் ஆறிடுச்சு, என்ன வேணா சாப்பிடலாம்னு சர்ஜன் சொல்லிட்டார். ஆனா கெட்டியா எதையும் முழுங்க பயம், சூப், ஷேக், ஐஸ்கிரீம்லயே ஓடுது. எடையும் ஏறுது, இது என்ன கொடுமை?

பதில்: தம்பி, பட்டவங்களுக்குத்தான் அந்த பயம் தெரியும், அதை அதட்டி விரட்ட முடியாது. கூழ், அப்புறம் மசிச்சது, அப்புறம் மிருதுவானது, அப்புறம் திடமானதுன்னு முதல் தடவை ஏறுன படியிலயே இப்பவும் ஏறுங்க, வேகம் மட்டும் உங்க இஷ்டம். ஒரு நாளைக்கு ஒரே ஒரு வேளை மட்டும் ஒரு படி மேல, மத்த வேளை இப்ப சாப்பிடுறதே இருக்கட்டும். கெட்டித் தயிர், மசிச்ச பயறு, மிருதுவா வேக வெச்ச முட்டை, உதிர்த்த மீன். புதுசா ஒண்ணு சாப்பிடும்போது கூட யாராவது இருந்தா பயம் பாதி குறையும். ஐஸ்கிரீமை மட்டும் முதல்ல எடுத்துடுங்க. மனநல ஆலோசகர்கிட்ட போறதை கௌரவக் குறைச்சலா நினைக்காதீங்க, நல்ல டீம்ல அவங்களும் இருப்பாங்க. நிஜமாவே ஒவ்வொரு தடவையும் சிக்கிட்டு வாந்தி வந்தா அது பயம் இல்ல, குழாய் குறுகியிருக்கலாம், எண்டோஸ்கோப்பி பாக்கணும். வாந்தி தொடர்ந்தா பி1 சத்து சில வாரத்துலயே காலியாகும், கண்ணு ரெண்டா தெரியறது, தள்ளாட்டம், குழப்பம் வந்தா அன்னிக்கே எமர்ஜென்சி. குளுக்கோஸ் ஏத்துறதுக்கு முன்னாடி தயமின் (அதே பி1தான்) ஊசி போடணும்னு அங்க ஞாபகப்படுத்துங்க, சர்ஜரி பண்ணவர்னு தெரியாம நேரா ட்ரிப்ஸ் மாட்டிடுவாங்க.

கேள்வி (பழைய பைபாஸ்): நான் பைபாஸ் பண்ணி 9 வருஷம், ஒரு கிலோ ஏறல. வயித்தை வெட்டியும் வாயைக் கட்ட முடியாதவங்க இப்ப பசியை அடக்குற செமாக்ளுடைடு ஊசிக்கு அலையறாங்க. இதெல்லாம் ஏமாத்து வேலை இல்லையா? நீங்க ஏன் அதை சொல்ல மாட்டேங்கறீங்க?

(இதுக்கு கீழ ஒரே சண்டை. "உங்க உடம்பு வேற என் உடம்பு வேற"ன்னு ஒருத்தர், "ஊசி போட்டு வெக்கப்படணுமா"ன்னு இன்னொருத்தர், "அண்ணன் சொல்றது சரிதான்"னு நாலு பேர்.)

பதில்: சொல்ல மாட்டேன், ஏன்னா நான் அப்படி நினைக்கல. ஸ்லீவ் பண்ணவங்களுக்கு பசி அடங்குனது அவங்க மன உறுதியாலயா? பசியைத் தூண்டுற கிரெலின் ஹார்மோன் அதிகமா சுரக்கிற பகுதியை வெட்டி எடுத்துட்டாங்க. உங்க பைபாஸ்ல, குடல் சுரக்கிற ஜிஎல்பி-1ங்கற பசியை அடக்குற ஹார்மோன் சாப்பிட்டதும் நல்லா ஏறும், அந்த ஊசியும் அதே ஜிஎல்பி-1 வேலையைத்தான் செய்யுது. அப்ப உங்களுக்கு உள்ளயே கிடைக்கறதை அவங்க வெளிய இருந்து வாங்குறாங்க, இதுல யாரு யாரை ஏமாத்துனாங்க? எடை குறைஞ்ச உடம்பு செலவு பண்ற சக்தியும் குறையும், பசி சிலருக்கு மெதுவா திரும்ப வரும். 9 வருஷம் காப்பாத்துனது பெரிய விஷயம், கை தட்டுறேன், ஆனா அதை வெச்சு அடுத்தவங்களை அடிக்காதீங்க.

(பழைய பைபாஸ்: அப்ப எல்லாரும் ஊசியே போட்டுக்கலாமே, டயட்டீஷியன் எதுக்கு?)

பதில்: எதுக்குன்னா, ஊசி போட்டதும் பசியே இல்லாம நாளுக்கு ரெண்டு வாய் சாப்பிட்டு, ப்ரோட்டீன் இல்லாம தசை கரைஞ்சு, முடி கொட்டி வருவாங்க பாருங்க, அவங்களுக்கு. ஏற்கனவே சத்து உறிஞ்சுறது குறைஞ்ச உடம்பு அது. டாக்டர் பாத்து எழுதணும், ரத்தப் பரிசோதனையும் மாத்திரையும் கூடவே போகணும். இதோட இந்த சண்டை முடிஞ்சுது, அண்ணே.

கேள்வி: மூட்டு வலிக்கு ஐபுப்ரோஃபென் போடலாமா? பைபாஸ்.

பதில்: வேணாம். டைக்ளோஃபெனாக்கும் வேணாம். இணைப்பு போட்ட இடத்துல அல்சர் வரும், புகை பிடிச்சா இன்னும் மோசம். பாராசிட்டமால் பத்தலேன்னா டாக்டர்கிட்ட கேளுங்க.

கேள்வி: வாரக்கடைசில ரெண்டு பெக்?

பதில்: சர்ஜரிக்கு முன்னாடி இருந்த ரெண்டு பெக் இல்ல இது, சீக்கிரமா ஏறும், ரொம்ப நேரம் இறங்காது. முக்கியமா பைபாஸ் பண்ணவங்கள்ல குடிப்பழக்கம் புதுசா தொத்திக்கறதும் உண்டு. பசி ஆறுற இடத்துல பாட்டில் வந்து உக்காந்துடும். நான் வேணாம்னுதான் சொல்வேன்.

கேள்வி: லிக்விட் ரீசெட்டுக்கு எந்த பவுடர் நல்லது?

பதில்: 🙏

கேள்வி: ரெண்டு நாளா தண்ணி கூட தங்கல, என்ன சாப்பிடலாம்?

பதில்: எதுவும் சாப்பிட வேணாம், போனை வெச்சுட்டு ஆஸ்பத்திரிக்கு போங்க. மேல பி1 பத்தி சொன்னது உங்களுக்குத்தான்.

கேள்வி: ரெண்டு வருஷமா மாத்திரை எதுவும் போடல, இப்ப ஒண்ணா ஆரம்பிக்கலாமா? கால்சியமும் இரும்பும் சேத்து போடலாமா?

பதில்: முதல்ல ரத்தம் குடுங்க, எது எவ்ளோ குறைஞ்சிருக்குன்னு பாத்துட்டு அளவு சொல்லுவாங்க. கால்சியமும் இரும்பும் சேத்து வேணாம், குறைஞ்சது ரெண்டு மணி நேரம் இடைவெளி. கால்சியம் சிட்ரேட்டா வாங்குங்க, அது வயித்து அமிலத்தை நம்பி இருக்காது, ஒரே தடவைல 500 மில்லிகிராமுக்கு மேல போடாம பிரிச்சுப் போடுங்க. இரும்பு மாத்திரையை டீ காபியோட முழுங்காதீங்க.