செலரி விதை ஏன் முளைக்கவில்லை?

கேள்வி: பெங்களூரில் இருக்கும் என் மகள் தண்டுக்காக வளர்க்கும் செலரி, அதிலேயே கிழங்குக்காக வளர்க்கும் செலரியாக் இரண்டிலும் ஒவ்வொரு விதைப் பாக்கெட் வாங்கி வந்தாள். பங்குனிக் கடைசியில் தொட்டியில் தூவி, கொத்தமல்லிக்குப் போடுகிற மாதிரி அரை அங்குலம் மண் போட்டு மூடினேன். தினமும் தண்ணீர் தெளித்தும் ஒரு மாதமாக ஒன்றுகூட முளைக்கவில்லை. பாக்கெட்டில் பாதிக்கு மேல் மீதி இருக்கிறது. விதை பழசா? நம்ம ஊர்ச் சூட்டுக்கு இதெல்லாம் வருமா?
– அவினாசிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: விதை மேல் தப்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. செலரி விதைக்குப் பிடித்த சூடு 15 முதல் 20 டிகிரி. 30-ஐ நெருங்கினாலே, எவ்வளவு ஈரம் இருந்தாலும் விதை உறங்கிப் போய்விடும். பங்குனி, சித்திரையில் உங்கள் ஊர் வெயில் 35-ஐத் தாண்டும். போதாக்குறைக்கு இந்த விதைக்கு வெளிச்சம் பட வேண்டும். நீங்களோ அரை அங்குலம் மண்ணைப் போட்டு மூடியிருக்கிறீர்கள். தோண்டித் தேடவும் வேண்டாம். ஒரு கிராமில் 2,000 விதைக்கு மேல் இருக்கும், கண்ணில் அகப்படாது.

மீதி விதையை இப்போது தொடாதீர்கள். ஆடிக் காற்று அடங்கி, ஆவணி பாதி போகட்டும். அப்போதும் பகல் சூடு அதிகம்தான் என்பதால் விதையைக் கொஞ்சம் ஏமாற்ற வேண்டும். ஒரு சிட்டிகை விதையை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து வடிகட்டுங்கள். கழுவிய ஆற்று மணல் நான்கைந்து ஸ்பூன் எடுத்து, பிடித்தால் உருண்டை நிற்கும் அளவு ஈரமாக்கி, அதில் விதையைக் கலந்து டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில் ஒரு வாரம் வையுங்கள். அப்புறம் அந்த மணலையே குழித்தட்டின் மேலாகத் தூவிவிட்டால் போதும். விதையும் பரவலாக விழும். மேலே மண் போடக் கூடாது, உள்ளங்கையால் லேசாக அழுத்தினால் சரி.

தட்டில் தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் பாதிக்குப் பாதி நிரப்பலாம். பொள்ளாச்சிப் பக்கமிருந்து வரும் நார்க்கழிவில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலசிப் பிழிந்த பிறகே பயன்படுத்துங்கள். பூவாளியால் ஊற்றினால் விதை ஒரு மூலைக்கு அடித்துக்கொண்டு போய்விடும். அதனால் தட்டை ஒரு தாம்பாளத் தண்ணீரில் வைத்து அடியிலிருந்து உறிஞ்ச விடுங்கள். வீட்டில் தண்ணீர்ப் பானை வைக்கும் இடம், வடக்குத் திண்ணை மாதிரி வெளிச்சம் உண்டு, வெயில் இல்லை என்கிற இடமாகப் பாருங்கள். சுற்றி ஒரு ஈரச் சாக்கு போட்டால் இன்னும் நல்லது. முளைக்க இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். பத்து நாளில் ஒன்றும் வரவில்லையே என்று தட்டைக் கவிழ்த்துவிடுகிறவர்கள்தான் அதிகம்.

முளைத்தாலும் நாற்று மெதுவாகத்தான் ஏறும். நான்கைந்து நிஜ இலை வந்து நடவுக்குத் தயாராக எட்டு முதல் பத்து வாரம் ஆகும். ஆவணியில் விதைத்தால் ஐப்பசி, கார்த்திகையில் நட்டு, பனிக்காலம் முழுக்க வளர்த்து, தை, மாசியில் அறுக்கலாம். நம் சமவெளியில் செலரிக்கு இது ஒன்றுதான் பட்டம். மழையில் தண்ணீர் தேங்காதபடி மேட்டுப்பாத்தி எடுத்து, நன்றாக மக்கிய தொழுவுரம் தாராளமாகப் போட்டு, முக்கால் அடிக்கு ஒன்றாக நடுங்கள். மத்தியான வெயிலுக்கு நிழல்வலை இருக்கட்டும்.

இது சதுப்பு நிலத்தில் பிறந்த செடி. மண்ணைக் காயவிட்டுக் காயவிட்டுத் தண்ணீர் விடுகிற காய்ச்சலும் பாய்ச்சலும் என்ற கணக்கு இதற்கு ஒத்துவராது. மண் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும், காய்ந்த இலை, வைக்கோல் பரப்பி மூடாக்கும் போட வேண்டும். ஈரம் ஏறி இறங்கினால் செடிக்குள் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராமல் நடுக்குருத்து கறுத்து அழுகும். உங்கள் பக்கம் பல போர்வெல்களில் உப்புத் தண்ணீர். அது செலரிக்கு ஆகாது. அத்திக்கடவு – அவினாசித் திட்டத்தில் குளம் நிரம்பிக் கிணறு ஊறியிருந்தால் கிணற்றுத் தண்ணீரையே ஊற்றுங்கள், இல்லையென்றால் மழைநீரைப் பிடித்து வையுங்கள். தண்டில் குறுக்காகப் பழுப்பு வெடிப்பு தெரிந்தால் போரான் என்ற நுண்சத்து குறைவு. சுண்ணாம்புக்கல் மண்ணில் இது சகஜம். லிட்டருக்கு 2 கிராம் போராக்ஸ் கரைத்து ஒரு முறை இலையில் தெளித்தால் போதும். கூடினால் கருகும். அசுவினிக்கு வேப்பெண்ணெய்க் கரைசல்.

அறுக்கும்போது வெளித் தண்டுகளை மட்டும் ஒடித்து எடுத்தால் செடி தொடர்ந்து தரும். கடையில் பார்க்கிற தடிமன் வராது, வாசமும் காரமும் தூக்கலாக இருக்கும். சூப்புக்கு அதுதான் நல்லது என்பேன். ஒடித்த சாறு தோலில் பட்டு வெயிலும் பட்டால் சிலருக்குக் கொப்புளிக்கும். காலையிலேயே வேலையை முடித்துக் கையைக் கழுவிவிடுங்கள்.

செலரியாக் விஷயத்தில் உங்களுக்கு ஆசை காட்ட மாட்டேன். நாற்று விடுவது அதே மாதிரிதான். ஆனால் நட்ட பிறகு கிழங்கு திரள நான்கு மாதம் குளிர்ச்சி நிற்க வேண்டும். அவினாசியில் மாசி பிறந்ததும் வெயில் ஏறிவிடும். எலுமிச்சை அளவு திரண்டாலே பெரிது. கோத்தகிரி, ஊட்டிப் பக்கம் சொந்தக்காரர்கள் இருந்தால் அந்தப் பாக்கெட்டை அவர்களிடம் கொடுங்கள். ஒரு அடிக்கு ஒன்றாக, குருத்து மண்ணுக்குள் புதையாமல் நடச் சொல்லுங்கள். திரளத் தொடங்கியதும் அடி இலைகளைக் கிள்ளிவிட வேண்டும். அங்கே நடுக்கும் குளிரில் இளநாற்று பத்து நாளுக்கு மேல் நின்றால் கிழங்குக்குப் பதில் பூத்தண்டு கிளம்பிவிடும், அதனால் மார்கழி, தையில் நட வேண்டாம். பனி விலகிய பிறகு நடட்டும்.

செலரிப் பாக்கெட்டை வாய் இறுக்கிக் கட்டி, ஈரம் புகாத டப்பாவில் போட்டு ஆவணி வரைக்கும் ஃபிரிட்ஜில் வையுங்கள்.