கேரேஜ் நிறைய கோதுமை மூட்டை

கேள்வி: டெக்சாஸில் இருக்கும் என் மகன் கேரேஜில் கோதுமை மூட்டையும் தண்ணீர் டிரம்மும் வாங்கி அடுக்குகிறான். மருமகள் போனில் அழுகிறாள். கேட்டால், ‘கிரெஸன் கெர்னியைப் படித்துப் பாரும்மா’ என்கிறான். யார் அந்த ஆள்? பைத்தியமா?
- பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: பைத்தியம் இல்லை அம்மா, கெட்டிக்காரர். அதே டெக்சாஸில், சான் அன்டோனியோவில் 1914-ல் பிறந்தவர். பிரின்ஸ்டனில் சிவில் இன்ஜினியரிங், அப்புறம் ஆக்ஸ்போர்டு. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் பனாமா காடுகளில், சிப்பாய்களுக்குக் கொசுவலை வைத்த தூளி போன்ற சாமான்களை உருவாக்கினார். 1964-ல் அமெரிக்க அரசின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அணுகுண்டு விழுந்தால் சாதாரண ஜனம் எப்படிப் பிழைப்பது என்பதுதான் அங்கே அவர் ஆராய்ச்சி. அதிலிருந்து 1979-ல் வந்த ‘நியூக்ளியர் வார் சர்வைவல் ஸ்கில்ஸ்’ என்ற புத்தகம், பேரழிவு வந்தால் பிழைக்க இப்போதே தயாராகும் அங்குள்ள ‘சர்வைவலிஸ்ட்’களுக்கு வேதம் மாதிரி. 2003-ல் காலமானார்.

‘உலகம் அழியப்போகிறது’ என்று பயம் காட்டிக் காசு பார்த்தவர்கள் அந்தக் கூட்டத்தில் நிறைய உண்டு. கெர்னி வேறு ரகம். கதிர்வீச்சை அளக்கத் தகர டப்பா, அலுமினியத் தாள், நூல், ஈரத்தை உறிஞ்ச சுவர்ப் பலகையிலிருந்து உடைத்தெடுத்த ஜிப்சம், இவ்வளவு போதும் என்று செய்து காட்டினார். பதுங்குகுழியில் புழுக்கமே ஆளைக் கொன்றுவிடும் என்று, நம் ஊர்ப் பழைய கோர்ட்டு, ஆபீஸ்களில் கயிறு கட்டி இழுத்த பங்கா என்ற தொங்கு விசிறியை ஒட்டி ஒரு காற்று பம்ப் வடிவமைத்தார். எல்லாவற்றையும்விட, முன்பின் பழக்கமில்லாத குடும்பங்களின் கையில் செய்முறைத் தாளை மட்டும் கொடுத்துக் குழி வெட்டச் சொல்லிச் சோதித்தார். ‘அணு ஆயுதப் போரையும் சமாளித்துவிடலாம் என்ற தைரியம் ஆபத்தானது’ என்று அவரைத் திட்டியவர்களும் உண்டு. அதிலும் நியாயம் இருக்கிறது.

சரி, உங்கள் மகன் விஷயம். கெர்னி பேரைச் சொல்கிறானே, கெர்னி செய்த மாதிரி எதையாவது செய்து பார்த்தானா என்று கேளுங்கள். ஒரு சனி, ஞாயிறு கரண்ட் இல்லாமல் அந்தக் கோதுமையை அரைத்துச் சமைக்கட்டும். பாதி மூட்டை தானாகவே குறையும். மனைவியைக் கேட்காமல் சேமிப்பில் கை வைக்கிறான், இதே யோசனையில் தூக்கம் கெடுகிறது என்றால் மட்டும் மனநல மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். மருமகளையும் அந்தப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கச் சொல்லலாம். மூலப் பதிப்பை யார் வேண்டுமானாலும் நகலெடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள், காசு செலவில்லை.