2013-ல் வாங்கிய டெஸ்க்டாப்பில் விண்டோஸ் 11 போடலாமா, புதுசுதான் வாங்க வேண்டுமா?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2013-ல் வாங்கிய டெஸ்க்டாப், மூன்றாம் தலைமுறை ஐ3 ப்ராசசர், 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க், உள்ளே விண்டோஸ் 10. சப்போர்ட் முடிந்துவிட்டது என்று திரையில் அறிவிப்பு வருகிறது, கடையில் கேட்டால் இதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குங்கள் என்கிறார்கள். வீட்டில் பிள்ளையின் படிப்புக்கும், அப்பா தமிழில் டைப் செய்வதற்கும், கரண்ட் பில் கட்டுவதற்கும்தான் அது ஓடுகிறது.

தூக்கிப் போடாதீர்கள். அதற்காக இந்த ஞாயிற்றுக்கிழமையே அவசரமாக விண்டோஸ் 11-ஐ ஏற்றிவிடவும் வேண்டாம். நான் மதுரை திருநகரில் இருக்கிறேன், கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவன் இல்லை, ஆனால் சொந்தக்காரர்கள் வீட்டில் இந்த வேலை என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள், சோழவந்தான், திருமங்கலம், உசிலம்பட்டி என்று பத்துப் பன்னிரண்டு பழைய மெஷின்களைப் பிரித்து மாட்டியிருக்கிறேன். அதில் திரும்பத் திரும்பப் பார்த்தது ஒன்றுதான். மெஷின் இழுத்துக்கொண்டு கிடப்பதற்குக் காரணம் பெரும்பாலும் ஹார்டு டிஸ்க். விண்டோஸை மாற்றுவது பாதுகாப்புக்கு, டிஸ்க்கை மாற்றுவது வேகத்துக்கு. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு, 11 போட்டால் பறக்கும் என்று நம்பிப் போட்டவர்கள் மறுவாரமே எனக்கு போன் செய்திருக்கிறார்கள்.

முதலில் உங்கள் மெஷினில் 11 ஏறுமா என்ற கேள்வி. முறைப்படி ஏறாது. விண்டோஸ் 11 வந்தது 2021 அக்டோபரில், அதற்கு 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், செக்யூர் பூட் வசதியுள்ள யூஇஎஃப்ஐ பயாஸ் (மெஷினை ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன்னால் ஓடும் அடிப்படை புரோகிராம்), டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு எல்லாம் வேண்டும். அதோடு ப்ராசசர் மைக்ரோசாஃப்டின் பட்டியலில் இருக்க வேண்டும், இன்டெல் என்றால் அந்தப் பட்டியல் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையில்தான் தொடங்குகிறது. எட்டாம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசசர்கள் கடைக்கு வந்ததே 2017 கடைசியில். உங்களுடையது அதற்கு ரொம்ப முந்தியது. இதைப் படிக்கும் வேறு யாரிடமாவது 2018-க்குப் பிறகு வாங்கிய மெஷின் இருந்து, 11 ஏறுமா என்று பார்த்துச் சொல்லும் மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் புரோகிராம் "டிபிஎம் இல்லை" என்று காட்டினால் உடனே மனம் தளர வேண்டாம், பயாஸுக்குள் போய் இன்டெல் என்றால் பிடிடி, ஏஎம்டி என்றால் எஃப்டிபிஎம் என்று ஒன்று ஆஃப் ஆகிக் கிடக்கும், அதை ஆன் செய்தாலே பல மெஷின்களில் சரியாகிவிடும். திருமங்கலத்தில் என் அத்தை மகன் இதற்காகவே புது மதர்போர்டு வாங்கக் கிளம்பிவிட்டான், நல்ல வேளையாகப் போகும் வழியில் எனக்கு போன் செய்தான்.

ரூஃபஸ் என்ற புரோகிராமில் பென் டிரைவ் தயார் செய்தால் இந்தச் சோதனைகளைத் தாண்டி உங்கள் ஐ3-யிலும் 11-ஐ ஏற்றிவிடலாம், ஏறும், ஓடவும் செய்யும். ஆனால் அப்படி ஏற்றிய மெஷினுக்கு அப்டேட் தருவோம் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி சொல்லவில்லை, ஒவ்வொரு வருடமும் வரும் பெரிய அப்டேட்டை நீங்களே திரும்ப இதே மாதிரிதான் ஏற்ற வேண்டியிருக்கும். உங்களுடையதைவிடப் பழைய கோர் 2 டியோ ப்ராசசர் உள்ள மெஷின்களுக்கு அந்தக் குறுக்கு வழியும் அடைபட்டுவிட்டது, விண்டோஸ் 11-ன் 24 எச் 2 பதிப்பிலிருந்து அந்த ப்ராசசரில் விண்டோஸ் தொடங்கவே தொடங்காது. நமக்கு விண்டோஸை மாற்றுவதன் நோக்கமே அப்டேட்தான், அந்த அப்டேட்டுக்கே உத்தரவாதம் இல்லாத வழியில் அப்பாவின் மெஷினைக் கொண்டுபோய் நிறுத்த எனக்கு மனசு வராது. விவரம் தெரிந்தவர் ஒருவர் வீட்டிலேயே இருந்தால் வேறு விஷயம்.

சரி, 10-லேயே இருந்தால் என்ன ஆகும்? 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. மெஷின் நிற்காது, நேற்று மாதிரியே ஓடும், புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் மட்டும் அடைபடாமல் கிடக்கும். வீட்டு உபயோகத்துக்கு இஎஸ்யு என்று ஒரு நீட்டிப்பு கொடுத்திருக்கிறார்கள், அறிவித்தபடி 2026 அக்டோபர் 13 வரை. 22 எச் 2 பதிப்பில் இருக்க வேண்டும், செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் சேர்வதற்கான இணைப்பு வரும், மைக்ரோசாஃப்ட் கணக்கில் லாகின் செய்து செட்டிங்ஸை சிங்க் செய்தால் பணம் கட்ட வேண்டாம், இல்லையென்றால் 30 டாலர். முதலில் இதைச் செய்யுங்கள், பத்து நிமிட வேலை. மற்றதை நிதானமாக யோசிக்க அவகாசம் கிடைக்கும்.

அடுத்தது காப்பி எடுப்பது. இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என் அண்ணன் வீட்டு கம்ப்யூட்டரை ஒரு கடையில் கொடுத்து விண்டோஸ் மாற்றினார்கள். கடைப் பையன் கேட்டிருக்கிறான், "டி டிரைவில் இருக்கறதைத் தொட மாட்டேன் அக்கா, சி-ல ஏதும் இருக்கா?" மதினிக்குச் சி எது, டி எது என்று தெரியாது, "எல்லாம் முன்னாடியே தெரியுமே, ஸ்க்ரீன்லதான் இருக்கு" என்று சொல்லியிருக்கிறார். முன்னாடி தெரிகிற அந்த டெஸ்க்டாப் திரை, டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் எல்லாமே சி டிரைவ்தான். மகளுக்கு அழகர்கோவிலில் முடி இறக்கிக் காது குத்திய போட்டோ அத்தனையும் அங்கேதான் ஒரு ஃபோல்டரில் இருந்தது. நான் ரெகவரி புரோகிராம் போட்டு இரண்டு ராத்திரி உட்கார்ந்தேன், பாதிக்கு மேல் திறக்கவில்லை, திறந்ததிலும் பலவற்றில் மேல்பாதி முகமும் கீழ்ப்பாதி சாம்பல் நிறமுமாக இருந்தது. மதினி ஒரு வார்த்தை திட்டவில்லை. அதிலிருந்து யார் வீட்டு மெஷினாக இருந்தாலும், பழைய டிஸ்க்கில் நான் எதையும் அழிப்பதில்லை.

அப்பா தமிழில் டைப் செய்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் இதையும் கேளுங்கள். சோழவந்தானில் என் சித்தப்பா ரிட்டயர்டு தமிழ் வாத்தியார், ஜெனகை மாரியம்மன் கோயில் திருவிழா பற்றிப் பல வருடமாகக் குறிப்பு எழுதி வைத்திருக்கிறார், எல்லாம் வேர்டு ஃபைல், பாமினி எழுத்துருவில் அடித்தது. புது டிஸ்க் மாட்டி, ஃபைல்களை எல்லாம் பத்திரமாகக் காப்பி செய்து, அவரைக் கூப்பிட்டுத் திறந்து காட்டினேன். தமிழே இல்லை. முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடக்கிறது. பாமினியில் "அம்மா" என்று அடித்தது, அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் தெரியும். சித்தப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிவிட்டு, "எல்லாம் போச்சாப்பா?" என்றார். போகவில்லை, எழுத்துருதான் கூட வரவில்லை. பழைய டிஸ்க்கில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸ் என்று இருப்பதில் அந்த ஃபைல் பத்திரமாக இருந்தது, எடுத்து வந்து ரைட் கிளிக் செய்து இன்ஸ்டால் கொடுத்ததும் பக்கம் முழுவதும் தமிழாக மாறியது. ஆகவே போட்டோ, டாக்குமென்ட் மட்டும் போதாது, ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் முழுசாகக் காப்பி எடுங்கள், அப்பா எதில் அடிக்கிறார், எந்த விசைப்பலகை என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிற்பாடு நேரம் கிடைக்கும்போது என்எச்எம் கன்வர்ட்டர் மாதிரி ஒன்றை வைத்து எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றிவிட்டால் இனி எந்த மெஷினிலும் இந்தச் சிக்கல் வராது. சித்தப்பா வீட்டில் இப்போது பாதிக்கு மேல் மாற்றியாகிவிட்டது.

இதே இடத்தில் இன்னொன்று. வீட்டிலோ கடையிலோ விண்டோஸுக்கு முந்திய டாஸ் காலத்து பில்லிங், கணக்கு புரோகிராம் எதையாவது இன்னும் ஓட்டிக்கொண்டிருந்தால், 64 பிட் விண்டோஸில் அது ஓடாது, விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. உசிலம்பட்டியில் ஒரு அரிசிக் கடையில் அதற்காகவே ஒரு பழைய மெஷினை நெட் இணைப்பு இல்லாமல் அப்படியே விட்டு வைத்திருக்கிறோம்.

இனி வேகம். ஒரு தரம் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள், டிஸ்க் என்ற இடத்தில் 100 சதவீதம் என்று நின்றுகொண்டிருக்கும், ப்ராசசர் சும்மா இருக்கும். அந்த ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக ஒரு 240 அல்லது 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி (உள்ளே சுழலும் தட்டு இல்லாத, வேகமான டிஸ்க்) வாங்குங்கள், டவுன் ஹால் ரோடு பக்கம் நான்கு கடை ஏறி இறங்கினால் நல்ல விலைக்குக் கிடைக்கும், வாரண்டி சீல் பார்த்து வாங்குங்கள். போர்டில் டிஸ்க்கை மாட்டும் இணைப்பு பழைய சாட்டா 2 ஆகவே இருந்தாலும் வித்தியாசம் நன்றாகத் தெரியும். சித்தப்பா மெஷின் முன்பு திரை வந்து, வேர்டு திறந்து, டைப் செய்ய நாலைந்து நிமிடம் ஆகும், இப்போது அரை நிமிடத்துக்குள் வந்துவிடுகிறது, அதே ப்ராசசர்தான், அதே போர்டுதான். ரேமும் இன்னொரு 4 ஜிபி சேருங்கள். உங்களுடையது டிடிஆர் 3, அதற்குப் பிந்திய டிடிஆர் 4 அதில் பொருந்தாது, எடுத்துப் போய்க் காட்டி வாங்குவது நல்லது.

கேபினெட்டைத் திறக்கும்போது இரண்டு வேலையையும் முடித்துவிடுங்கள். ப்ராசசர் ஃபேனில் படிந்திருக்கும் தூசியைப் பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி எடுங்கள், நம்ம ஊர் சித்திரை வெயிலில் அந்தத் தூசி கம்பளி போர்த்திய மாதிரி சூட்டை வெளியே விடாது. அப்புறம் போர்டில் காசு அளவில் இருக்கும் 2032 பேட்டரி. பத்து வருடம் ஆகியிருந்தால் மாற்றியே விடுங்கள். சித்தப்பா வீட்டில் எல்லாம் முடித்து பிரவுசரைத் திறந்தால் எந்தத் தளமும் வரவில்லை, பாதுகாப்பான இணைப்பு இல்லை என்று எச்சரிக்கை, ஒரு மணி நேரம் மோடத்தையும் வயரையும் நோண்டினேன். கடைசியில் பார்த்தால் மூலையில் தேதி பல வருடம் பின்னால் நிற்கிறது. தேதி தப்பாக இருந்தால் தளங்களின் சான்றிதழை பிரவுசர் ஏற்காது. வாட்ச் கடையில் ஒரு பேட்டரி வாங்கி மாட்டியதும் சரியாகிவிட்டது.

உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது, எஸ்எஸ்டியில் விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய லினக்ஸ் மின்ட்டை முயன்று பாருங்கள். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு, இலவசம், அதில் எக்ஸ்எஃப்சிஇ என்ற பதிப்பு இந்த மாதிரி மெஷினில் லேசாக ஓடும். அதை இன்ஸ்டால் செய்யாமலே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம், டிஸ்க்கில் எதையும் தொடாது. அப்பாவை உட்கார வைத்து ஒரு மணி நேரம் கொடுங்கள், பிரிண்டர் வேலை செய்கிறதா, தமிழ்99 விசைப்பலகையில் அடிக்க முடிகிறதா, பிள்ளையின் ஆன்லைன் வகுப்பு வருகிறதா, எல்லாவற்றையும் அதிலேயே சோதித்துவிடலாம். டாலி, ஃபோட்டோஷாப், பேஜ்மேக்கர் வேண்டும் என்றால் மின்ட் ஒத்துவராது, அப்போது எஸ்எஸ்டியில் விண்டோஸ் 10-ஐயே போட்டு இஎஸ்யு முடியும் வரை ஓட்டுங்கள், அதற்குள் காசு சேர்த்துக் கொள்ளலாம்.

2011-லிருந்து தமிழக அரசு பிளஸ் டூ, கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கொடுத்த லேப்டாப்கள் இங்கே எத்தனையோ வீட்டு பீரோவில் கிடக்கின்றன. தொடக்கத்தில் கொடுத்தவற்றில் விண்டோஸோடு, மத்திய அரசின் சிடாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது, அதை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. அதிலும் இதே எஸ்எஸ்டி, மின்ட் வைத்தியம் வேலை செய்கிறது. பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் முதலில் அதைக் கழற்றிவிடுங்கள், சார்ஜரிலேயே ஓடும். விண்டோஸ் 7-லேயே இன்னும் நெட்டில் இருப்பவர்களும் இருக்கிறார்கள், அதற்கு சப்போர்ட் 2020 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது, குரோம் 109-க்குப் பிறகு புதுப் பதிப்பும் வருவதில்லை, அதில் பேங்க் வேலை செய்யவே கூடாது.

கடையில் யாராவது "ஆக்டிவேட் பண்ணித் தர்றோம், டிஃபெண்டரை மட்டும் ஆஃப் பண்ணிக்கங்க" என்றால் (டிஃபெண்டர் என்பது விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸ்) எழுந்து வந்துவிடுங்கள். உங்கள் விண்டோஸ் 10 ஒரிஜினல் என்றால் அந்த லைசென்ஸ் மதர்போர்டோடு சேர்ந்தது, டிஸ்க்கை மாற்றினாலும் அதே பதிப்பை (ஹோம் என்றால் ஹோம், ப்ரோ என்றால் ப்ரோ) போட்டு நெட்டில் இணைத்ததும் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும்.

டவுன்லோடு செய்ய மின்ட் 3 ஜிபிக்குப் பக்கம், விண்டோஸ் 5 ஜிபிக்கு மேல், ஒரு நாளைக்கு 2 ஜிபி தரும் மொபைல் டேட்டாவில் ஒரே நாளில் முடியாது, யார் வீட்டு வைஃபையிலாவது இறக்கிக்கொண்டு வாருங்கள். மின்வாரியத்தின் மாதாந்திர பராமரிப்பு நிறுத்தம் உங்கள் ஏரியாவில் என்றைக்கு என்று பேப்பரில் பார்த்து, அன்றைக்கு இந்த வேலையை வைக்காதீர்கள்.

ஏற்றும்போது பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டு, எஸ்எஸ்டி மட்டும் மாட்டியிருக்கும்போது ஏற்றுங்கள், பூட் ஃபைல் தவறிப்போய் பழைய டிஸ்க்கில் உட்காராது, தப்பான டிஸ்க்கை அழிக்கவும் வாய்ப்பில்லை. எல்லாம் ஓடிய பிறகும் அந்தப் பழைய டிஸ்க்கை மூன்று மாதமாவது அப்படியே வையுங்கள். சித்தப்பா வீட்டில் அதன் மேல் ஒரு பேப்பரை ஒட்டித் தேதி எழுதி, ஒரு கவரில் போட்டு, வீட்டுப் பத்திரம் வைத்திருக்கும் தகரப் பெட்டியிலேயே வைத்திருக்கிறார்.