தற்கொலைப் பையும் முள்ளுக் கத்திரிக்காயும்

அன்புள்ள சார்,

என் மகள் ஒன்பதாவது படிக்கிறாள். செல்லின் பாகங்களை மனப்பாடம் செய்துகொண்டிருந்தவள் லைசோசோமில் நின்றுவிட்டாள். பாடத்தில் அதற்குத் 'தற்கொலைப் பை' என்று பெயர். "எல்லாத்தையும் செரிக்கிற நொதி உள்ளேயே இருந்தா செல் எப்படிம்மா உயிரோட இருக்கு?" என்கிறாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

எஸ்., காட்பாடி

அன்புள்ள எஸ்.,

செல்லை வரைந்து பாகம் குறிக்கச் சொல்கிறோம். பாகங்களைப் பிரிக்கும் சவ்வு அந்தப் படத்தில் வெறும் கோடு. ஆனால் விஷயமே அந்தக் கோட்டில்தான் இருக்கிறது.

வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் வாங்கி நறுக்கிப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் வெட்டிய இடம் பழுப்பாகும். பழுப்பாக்கும் நொதி, செல்லுக்குள் இருக்கும் கணிகங்கள் என்ற சின்னப் பைகளில் இருக்கிறது. அது பிடித்துக்கொள்ளும் பீனால் பொருள்கள் நுண்குமிழி (vacuole) என்ற வேறொரு பைக்குள் இருக்கின்றன. காய் முழுசாக இருக்கும்வரை இரண்டும் சந்திப்பதில்லை. கத்தி சவ்வுகளைக் கிழித்ததும் கலக்கின்றன, காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்துகொள்கிறது. நறுக்கியதும் தண்ணீரில் போடுகிறோமே, அது காற்று படாமல் இருக்கத்தான்.

லைசோசோம் அகப்பட்டதும் இப்படித்தான். 1949இல் பெல்ஜியத்தில் கிறிஸ்தியான் தெ துவ் என்ற விஞ்ஞானி எலியின் ஈரலை மெதுவாக அரைத்து ஒரு நொதியை அளந்தார். எதிர்பார்த்ததில் பத்தில் ஒரு பங்குதான் வந்தது. மிச்சத்தைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு ஐந்து நாள் கழித்து எடுத்து அளந்தால், அளவு ஏறிக் கிடக்கிறது! நொதி புதிதாக வரவில்லை. அதை மூடியிருந்த பை நைந்துபோயிருந்தது. 1955இல் அந்தப் பைக்கு லைசோசோம் என்று பெயர் வைத்தார். 1974இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அந்தச் சவ்வின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்குதான். சரி, அது கொஞ்சம் கசிந்தால்? பையின் உள்ளே அமிலம், பி.எச். 5 அளவில். வெளியே செல்லை நிரப்பியிருக்கும் சைட்டோபிளாசம் ஏறக்குறைய நடுநிலை. அமிலத்தில் வேலை செய்யும் நொதிகள் வெளியே வந்தால் பெரும்பாலும் சுணங்கிவிடும். ஒரு பை ஓட்டையானதற்கெல்லாம் செல் சாகாது.

'தற்கொலைப் பை' என்ற பெயர் எனக்குப் பிடிக்கவில்லை. செல்லுக்கு ஆற்றல் தந்து பழசாகிப்போன மைட்டோகாண்ட்ரியாவைக்கூட உடைத்து, மறுபடி பயன்படும் சரக்காகத் தருவதுதான் அதன் அன்றாட வேலை. நம் தெருவில் பழைய பேப்பர், இரும்பு எடுப்பவரை யாரும் கொலைகாரர் என்பதில்லையே.

மகளிடம் ஒரு முழுக் கத்திரிக்காயைக் கொடுத்து, தோல் கிழியாமல் கட்டைவிரலால் ஓரிடத்தில் அழுத்தச் சொல்லுங்கள். மறுநாள் அந்த இடத்தில் வெட்டிப் பார்க்கட்டும். காம்பில் முள் இருக்கும், கை ஜாக்கிரதை.