மணலுக்கும் டன் கணக்கில் பணமா? குப்பை ஒப்பந்தங்கள் பற்றிய கேள்வி பதில்

ராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோர ஊர்களில் வீடுவீடாகக் குப்பை வாங்குவது, தரம் பிரிப்பது, பழைய குப்பைமேட்டை அகழ்ந்து அகற்றுவது என்று ஒவ்வொரு பணியாக ஒப்பந்தத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது. உள்ளாட்சிகளுக்கு ஒப்பந்தப்புள்ளி (டெண்டர்) ஆவணம் எழுதித் தருவதும் அதில் தகராறு வந்தால் வழக்காடுவதும் என் தொழில். கேள்விகள் அனுப்பலாம் என்று சொன்னதும் மன்ற உறுப்பினர்கள், ஒப்பந்ததாரர்கள், விடுதி நடத்துபவர்கள், தூய்மைப் பணியாளர் வீட்டுப் பிள்ளைகள் என்று பலரும் எழுதினார்கள். புகார் சொன்னவர்களின் ஊர்ப்பெயரை எடுத்துவிட்டேன்.

ஐயா, எங்கள் பேரூராட்சியில் குப்பை அள்ளும் பணியைத் தனியாருக்கு விட மதிப்பீடு தயாராகிறது. டன்னுக்கு இவ்வளவு என்று எழுதுகிறார்கள். சில ஊர்களில் வீட்டுக்கு இவ்வளவு என்கிறார்கள். எது நல்லது?
— மன்ற உறுப்பினர், கடலோரப் பேரூராட்சி

வீட்டுக் கணக்கு. நம் கரைக்கு டன் கணக்கு ஒத்துவராது. முதல் காரணம் மணல். ஆடியில் கச்சான் காற்று எழும்பினால் தெருவெல்லாம் மணல் ஏறிவிடும். அதைக் கூட்டி, குப்பையோடு சேர்த்து அள்ளி, எடைமேடையில் லாரியை நிறுத்தினால் சீட்டில் வருவது குப்பையின் எடை அல்ல. ஓர் ஊரில் எடைபோட்டு இறங்கிய லாரியின் பின்கதவைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். மேலே ஒரு முழத்துக்கு வாழை இலையும் பிளாஸ்டிக் பைகளும் கிடந்தன. அதற்குக் கீழே எல்லாம் ஈர மணல். மண்வெட்டியை ஊன்றினால் விழாமல் நின்றது. எடைச்சீட்டில் பொய் எதுவும் இல்லை. ஒப்பந்தமே அப்படி எழுதப்பட்டிருந்தது.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம். டன்னுக்குப் பணம் என்றால், மக்கும் குப்பையை வீட்டிலேயே உரமாக்கும் குடும்பம் ஒப்பந்ததாரருக்கு நஷ்டம். பிரித்து வாங்கினால் எடை குறையும், கலந்து வாங்கினால் கூடும். பிரித்துக் கொடுங்கள் என்று மன்றம் தண்டோரா போட்டுக்கொண்டிருக்கும்போதே, கலந்து கொண்டுவருவதற்கு ஒப்பந்தம் சன்மானம் கொடுத்துக்கொண்டிருக்கும்.

ஆகவே சேவை பெறும் வீடு, கடை எண்ணிக்கையின் மேல் மாதத் தொகையை நிர்ணயியுங்கள். அதில் ஒரு பங்கை, பிரித்து வாங்கிய அளவோடு கட்டிவையுங்கள். தெரு மணலையும் வாய்க்கால் வண்டலையும் தனி இனமாக, தனி விகிதத்தில் எழுதுங்கள். எடைமேடை வேண்டாம் என்று சொல்லவில்லை. எவ்வளவு குப்பை சேருகிறது என்று தெரிந்துகொள்ள எடை வேண்டும். அதைப் பட்டியல் (பில்) தொகைக்கு அடிப்படையாக வைக்கக் கூடாது என்பதுதான் என் பேச்சு.

இன்னொன்று: பழைய ஆவணத்தை நகலெடுத்துத் தேதியை மட்டும் மாற்றுவது பல ஊர்களில் வழக்கம். 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளுக்குப் பதிலாக 2026 விதிகள் வந்துவிட்டன. 2026 ஏப்ரல் 1 முதல் ஈரக் கழிவு, உலர் கழிவு, சுகாதாரக் கழிவு (நாப்கின், டயப்பர்), சிறப்புக் கவனம் வேண்டும் கழிவு (பல்பு, காலாவதி மருந்து போன்றவை) என்று நான்காகப் பிரிக்க வேண்டும். பழைய ஆவணத்தில் வண்டிக்கு இரண்டு தொட்டிதான் எழுதியிருக்கும். இரண்டு தொட்டிக்கு விலை கேட்டுவிட்டு நான்கு தொட்டி கொண்டுவா என்றால், கூடுதல் தொகை கேட்டு அவர் வருவார். அதில் நியாயமும் இருக்கும்.

அபராத விதிகள் ஒரு பக்கத்துக்கு இருக்கின்றன. ஆனால் ஒரு ரூபாய்கூடப் பிடித்ததில்லை. ஏன்?

அபராதம் எவ்வளவு என்று எழுதியிருப்பார்கள், தவறை யார் எப்படிப் பதிவு செய்வது என்று எழுதியிருக்க மாட்டார்கள். ஒரு தெருவுக்கு வண்டி வரவில்லை என்பதை மேற்பார்வையாளர் படத்தோடும் நேரத்தோடும் அன்றே பதிய வேண்டும். ஒப்பந்ததாரருக்குத் தகவல் போக வேண்டும், மறுப்புச் சொல்ல அவருக்கு இரண்டு நாளாவது இருக்க வேண்டும். அதன்பிறகு பட்டியலில் பிடித்தம். இந்த வரிசை இல்லாமல் பிடித்தால் வழக்கில் நிற்காது. தொகையையும் கண்மூடி ஏற்றக் கூடாது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி நீதிமன்றம் நியாயமான இழப்பீட்டைத்தான் அனுமதிக்கும். எழுதிவைத்த தொகை அதற்கு உச்சவரம்பு, அவ்வளவுதான்.

சார், நான் சிறிய ஒப்பந்ததாரர். ஒரு கோடிக்கு உட்பட்ட பணிக்கு ஒன்பது நாள் அவகாசத்தில் ஒப்பந்தப்புள்ளி கேட்டிருக்கிறார்கள். வங்கிச் சான்று வாங்குவதற்குள் தேதி முடிந்துவிடும்.

தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998, அதன் 2000ஆம் ஆண்டு விதிகள் இரண்டையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 2 கோடி ரூபாய் வரையிலான பணிக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேற்பட்டால் 30 நாள் அவகாசம் தர வேண்டும். குறைப்பதென்றால், ஒப்பந்தப்புள்ளி கோரும் அலுவலருக்கு மேலான அதிகாரி காரணத்தை எழுத்தில் பதிவுசெய்து அனுமதித்திருக்க வேண்டும். அந்த அனுமதியின் நகலைக் கேட்டு இன்றே மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அனுப்புங்கள். கடைசித் தேதி முடிந்தபிறகு கேட்டால், கலந்துகொள்ளாதவருக்கு என்ன குறை என்பார்கள்.

நீங்கள் கலந்துகொண்டு, குறைந்த விலை கொடுத்தும் தள்ளப்பட்டால் 11ஆம் பிரிவின்படி அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். ஆணை கையில் கிடைத்து 10 நாளுக்குள் செய்ய வேண்டும். உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு ஓடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள் தம்பி. விலையைக் குறைக்கச் சொல்லிப் பேசுவதென்றால் மிகக் குறைந்த விலை கொடுத்தவரிடம் மட்டும்தான் பேசலாம் என்பதும் அதே சட்டம். இரண்டாவது ஆளைக் கூப்பிட்டு, முதல் ஆளின் விலைக்குச் செய்வாயா என்று கேட்பது முறையல்ல.

என் அம்மா ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். சம்பளம் மாதம் இருபது தேதி ஆகிறது. பிஎஃப் (வருங்கால வைப்புநிதி) பிடிக்கிறார்கள், கணக்கில் ஏறுவதில்லை. அலுவலகத்தில் கேட்டால் ஒப்பந்ததாரரிடம் போ என்கிறார்கள்.

அலுவலகம் அப்படிச் சொல்லவே முடியாது. ஒப்பந்ததாரர் ஊதியம் கொடுக்கத் தவறினால், முதன்மை வேலையளிப்பவரான உள்ளாட்சிதான் கொடுத்துவிட்டு அவரிடம் பிடித்துக்கொள்ள வேண்டும். 1970 ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தில் இது இருந்தது. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் இருக்கிறது. மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் வந்தாக வேண்டும். அம்மாவின் யுஏஎன் எனும் வைப்புநிதி எண்ணில் பாஸ்புக்கை இறக்கி, எந்தெந்த மாதம் காலி என்று குறித்து, சம்பளப் பிடித்தச் சீட்டோடு ஆணையருக்கோ செயல் அலுவலருக்கோ எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். ஒரு நகல் வருங்கால வைப்புநிதி அலுவலகத்துக்கும் இன்னொன்று தொழிலாளர் துறைக்கும் போகட்டும்.

இந்த நோயின் வேர் விலைப்புள்ளியிலேயே இருக்கிறது. மன்ற உறுப்பினர்கள் கவனிக்க வேண்டும். உதாரணத்துக்கு, மாவட்ட ஆட்சியர் நிர்ணயித்த தினக்கூலி 550 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 26 நாளுக்கு 14,300. வைப்புநிதியில் வேலையளிப்பவர் பங்கு, நிர்வாகக் கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்த்து 13 சதவீதம், 1,859 ரூபாய். ஈஎஸ்ஐ எனும் தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்கு 3.25 சதவீதம், ஏறக்குறைய 465. ஆளுக்கு 16,624 ரூபாய் ஆகிறது. 40 பேருக்கு ஏறக்குறைய 6,64,950. கையுறை, சீருடை, போனஸ், டீசல், லாபம் எதுவும் இதில் இல்லை. இப்படி இருக்கும்போது ஒருவர் ஆறு லட்சத்துக்கு விலை கொடுத்தால், அந்தக் குறைச்சல் எங்கிருந்து வரும்? உங்கள் அம்மாவின் சம்பளத்திலிருந்து வரும். சட்டப்படியான ஊதியச் செலவுக்குக் கீழே வரும் விலைப்புள்ளி நிராகரிக்கப்படும் என்று ஆவணத்திலேயே எழுத வேண்டும். ஊதியத்தைப் போட்டிக்கு விடக் கூடாது. சேவைக் கட்டணத்துக்கு மட்டும் போட்டி இருக்கட்டும். முந்தைய மாத வைப்புநிதிச் செலுத்துச்சீட்டு, ஆள்வாரிப் பட்டியலோடு வந்தால்தான் அடுத்த பட்டியல் பாஸாகும் என்ற வரியும் வேண்டும். இந்த ஒரு பகுதிக்காக எத்தனை கூட்டத்திலும் சண்டை போடலாம்.

கடற்கரைக்குப் பின்னால் புறம்போக்கு இருக்கிறது. அங்கே குப்பைக் கிடங்கு அமைக்க இப்போதே ஒப்பந்தப்புள்ளி விட்டு, அனுமதியைப் பிறகு வாங்கிக்கொள்ளலாமா?

கூடாது. 2019 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை ஊர்க் குப்பையைக் கொட்டி நிரப்புவதைத் தடை செய்கிறது. கடலோர மண்டலம், ஈரநிலம், வெள்ளச் சமவெளி எதிலும் நிலநிரப்பு கூடாது என்று 2016 விதிகளே சொல்லியிருந்தன. குளத்திலிருந்தும் குடிநீர்க் கிணற்றிலிருந்தும் குடியிருப்பிலிருந்தும் 200 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்பதும் அதில் இருந்தது. மண்டபத்திலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகளோடு மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா கிடக்கிறது. 1986 முதல் பாதுகாக்கப்படும் கடல் அது.

சட்டத்தை விடுங்கள், தண்ணீரைப் பாருங்கள். நம் கரையில் மணலில் ஊற்றுத் தோண்டினால் நல்ல தண்ணீர் வருகிறதே, அது உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கும் மழைநீர். குப்பையிலிருந்து வடியும் கசிவு அந்தப் படலத்தைக் கெடுத்தால் மாற்று வழி கிடையாது.

ஒப்பந்தக் கோணத்திலும் இது ஆபத்து. நிலத்தை ஒப்படைக்காமல் பணி ஆணை கொடுத்தால், ஒப்பந்ததாரர் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்துச் சும்மா வைத்திருந்ததாக இழப்பீடு கேட்பார். நில உரிமை, கடலோர மண்டல வரைபடச் சான்று, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய ஒப்புதல் இவை கோப்பில் ஏறியபிறகே அழைப்பு போக வேண்டும்.

ராமேசுவரத்தில் எங்கள் மகளிர் குழு இருக்கிறது. அக்னி தீர்த்தக் கரையில் பக்தர்கள் விட்டுப்போகும் துணிகளை அகற்றும் பணியை எங்களால் எடுக்க முடியுமா?

முடிய வேண்டும், சகோதரி. அந்தக் கரையை நீங்கள் தினமும் பார்ப்பவர்கள். ஆடி அமாவாசை, தை அமாவாசையில் அலையில் ஊறிய வேட்டியும் புடவையும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு, மடிப்புக்குள் மணலை வாரி வைத்துக்கொண்டு, ஒரு ஆள் இழுத்தால் வராத கனத்தில் கிடக்கும். எந்திரம் அங்கே உதவாது, கை வேலைதான். ஆனால் முழு நகரத்துக்கும் ஒரே ஒப்பந்தமாகப் போட்டு, மூன்று ஆண்டுக் கோடிக்கணக்கான வரவுசெலவு காட்டச் சொன்னால் உங்களால் உள்ளே நுழையவே முடியாது. தீர்த்தக்கரைப் பணியைத் தனித் தொகுதியாகப் பிரித்து, தகுதியை அந்தத் தொகுதியின் மதிப்புக்கு ஏற்ப வைக்கச் சொல்லி மன்றத்துக்கு மனுக் கொடுங்கள். கழிவு சேகரிப்பில் சுயஉதவிக் குழுக்களையும் குப்பை பொறுக்குவோரையும் சேர்க்க வேண்டும் என்பது 2016 விதிகளிலிருந்தே உள்ள கடமை. அதை மனுவில் குறிப்பிடுங்கள். அமாவாசை நாள்களுக்கும் மற்ற நாள்களுக்கும் ஆள் எண்ணிக்கை வேறு, விகிதமும் வேறாக இருக்க வேண்டும். சராசரி போட்டால் கூட்ட நாளில் கையைக் கடிக்கும்.

எங்கள் விடுதியில் தினம் 100 கிலோவுக்கு மேல் குப்பை. நகராட்சி வண்டி எடுக்காது என்கிறார்களே?

100 கிலோ தாண்டினால் நீங்கள் பெருமளவுக் கழிவு உற்பத்தியாளர். ஈரக் கழிவைக் கூடியவரை உங்கள் வளாகத்திலேயே பதப்படுத்துவது உங்கள் பொறுப்பு. மற்றதை எடுப்பவரோடு எழுத்துப்பூர்வ ஒப்பந்தமும் எங்கே போகிறது என்ற ரசீதும் வைத்திருங்கள்.

ஜிஎஸ்டி உண்டா?

உள்ளாட்சிக்குச் செய்யும் வெறும் சேவை என்றால், அரசமைப்பின் 243டபிள்யூ பிரிவு சொல்லும் நகராட்சிப் பணி என்பதால் விலக்கு. வண்டி, தொட்டி விற்பனை சேர்ந்தால் கணக்கு மாறும். விலைப்புள்ளிக்கு முன்பே கேட்டுத் தெளிவுபடுத்துங்கள்.

தகராறு வந்தால் ஆணையர் நியமிக்கும் நடுவரே முடிவு செய்வார் என்று இருக்கிறது. கையெழுத்துப் போடலாமா?

அந்த வரி செல்லாது. ஒரு தரப்பு மட்டும் தனி நடுவரை நியமிப்பதை உச்ச நீதிமன்றம் 2019இல் பெர்கின்ஸ் ஈஸ்ட்மன் வழக்கில் மறுத்தது. 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வும் உறுதி செய்தது. கையெழுத்துக்கு முன் கூட்டத்தில் திருத்தம் கேளுங்கள். மறுத்தால் பிற்பாடு உயர் நீதிமன்றம் நடுவரை நியமிக்கும், அதற்கு ஒரு வருடம் போகும்.

மழையில் தெரு முழுகினால் பணி நின்றதற்கு அபராதமா?

2024 நவம்பர் 20இல் ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த மாதிரி நாளுக்கு அபராத விலக்கு வேண்டும். அதோடு முடிந்துவிடக் கூடாது. தண்ணீர் வடிந்தபிறகு மெத்தையும் ஓலையும் முறிந்த கிளையும் மலைபோல் சேரும். அதை அள்ள எந்த விகிதம், எத்தனை நாளுக்குள் என்பதை முன்பே எழுதுங்கள். எழுதாத ஊர்களில் பேரிடர் நேரத்தில் அவசரம் என்ற பெயரில் வாய்மொழி விலை ஓடுகிறது.

கழிவுநீர்த் தொட்டியில் இறங்கச் சொல்கிறார் ஒப்பந்ததாரர்.

இறங்காதீர்கள். இறங்கச் சொல்வது 2013ஆம் ஆண்டு கையால் மலம் அள்ளும் பணித் தடைச் சட்டப்படி குற்றம். எந்த ஒப்பந்த வரியாலும் அதை அனுமதிக்க முடியாது. எழுதிக் கேட்டாலும் வாயால் சொன்னாலும் மறுக்கலாம், காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம்.

சாதாரணக் குடிமகன் இதில் என்ன பார்க்க முடியும்? ஒப்பந்தம் ரகசியம் என்கிறார்களே.

கையெழுத்தான ஒப்பந்தம் ரகசியம் அல்ல. தகவல் உரிமைச் சட்டம் 2005இல் 10 ரூபாய்க் கட்டணத்தில் கேளுங்கள், 30 நாளில் பதில் வர வேண்டும். பலருக்குத் தெரியாதது, 2(ஜே) பிரிவில் பணியையும் ஆவணத்தையும் நேரில் பார்வையிடும் உரிமையும் சான்றளித்த மாதிரி எடுக்கும் உரிமையும் இருக்கிறது. விண்ணப்பத்தில் இப்படி எழுதுங்கள்: “ஒப்பந்தத்தின் முழு நகல், விலை அட்டவணை, கடந்த மூன்று மாதப் பட்டியல்கள், அவற்றோடு இணைத்த எடைச்சீட்டுகள், பிடித்த அபராத விவரம், பணியாளர் வைப்புநிதிச் செலுத்துச்சீட்டுகள் ஆகியவற்றைத் தரவும். தரம் பிரிக்கும் இடத்தை நேரில் பார்வையிடவும் அங்கு வந்திறங்கும் குப்பையில் மாதிரி எடுக்கவும் தேதி குறித்துத் தெரிவிக்கவும்.”