டிஸ்கனெக்ட் எழுதியும் இணைப்புகள் தீர்ந்துபோவது ஏன்?

கேள்வி: ஆர் மொழியில், ஷைனி (வெப் ஆப் செய்யும் பேக்கேஜ்) கொண்டு ஒரு விற்பனை டேஷ்போர்டு செய்திருக்கிறேன். தரவு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் இருக்கிறது. ஒவ்வொரு வரைபடத்துக்குள்ளும் டிபிகனெக்ட் போட்டு இணைப்பைத் திறந்து, வேலை முடிந்ததும் அதை மூட டிபிடிஸ்கனெக்ட்டும் எழுதியிருக்கிறேன். என் லேப்டாப்பில் ஒரு சிக்கலும் இல்லை. அலுவலகத்தில் இருபது பேர் திறந்தால், மதியத்துக்குள் ‘சாரி, டூ மெனி கிளையன்ட்ஸ் ஆல்ரெடி’ என்று நின்றுவிடுகிறது. மேக்ஸ் கனெக்‌ஷன்ஸ் எண்ணை (ஒரே நேரத்தில் எத்தனை இணைப்பு என்ற உச்சவரம்பை) 500 ஆக்கினால் போதுமா?

பதில்: வேண்டாம். மதியம் வருகிற பிழை சாயங்காலம் வரும், அவ்வளவுதான். போஸ்ட்கிரெஸில் அந்த எண் இயல்பாக 100. அதில் 3 சூப்பர்யூசருக்கு ஒதுக்கியவை. ஒவ்வொரு இணைப்புக்கும் சர்வரில் தனியாக ஒரு பிராசஸ் ஓடும், அதற்குத் தனியாக மெமரி வேண்டும். எண்ணை மாற்றினால் சர்வரை வேறு ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். இருபது பேருக்கு 97 இணைப்பு போதவில்லை என்றால், திறந்தது எதுவோ மூடப்படாமல் கிடக்கிறது என்று அர்த்தம்.

எது என்று ஊகிக்க வேண்டியதில்லை. பிழை வரும் நேரத்தில் உங்கள் டேட்டாபேஸ் நிர்வாகியிடம் (டிபிஏ) சொல்லி, பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி என்ற வியூவைப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டேட் என்ற நெடுவரிசையில் வரிசையாக ‘ஐடில்’ (சும்மா கிடக்கிறது) என்று இருக்கும். பக்கத்தில் கொயரி நெடுவரிசையில், அந்த இணைப்பில் கடைசியாக ஓடிய எஸ்கியூஎல் அப்படியே நிற்கும். ஒரே எஸ்கியூஎல் திரும்பத் திரும்ப வருகிறதா? அது எந்த வரைபடத்துடையதோ, அங்கேதான் ஓட்டை.

நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் என் சந்தேகம் ஷைனியின் ரெக் என்ற ஃபங்ஷன் மேல்தான். தரவை எடுத்துவிட்டு, வரிசை ஒன்றுகூட இல்லையென்றால் நிறுத்திக்கொள் என்று ரெக் போட்டு, அதற்கு அடுத்த வரியில் டிஸ்கனெக்ட் எழுதுவது பலரின் வழக்கம். விற்பனையே இல்லாத ஒரு மாதத்தை யாராவது தேர்ந்தெடுக்கிறார். ரெக் அந்த இடத்திலேயே எல்லாவற்றையும் சத்தமில்லாமல் நிறுத்திவிடும், டிஸ்கனெக்ட் வரிக்கு ஓட்டம் வரவே வராது. திரையில் வெற்று இடம், லாகில் ஒன்றும் இல்லை, சர்வரில் மட்டும் ஓர் இணைப்பு மிச்சம். எஸ்கியூஎல்லிலேயே பிழை வந்தாலும் இதே கதைதான். ஆர் எப்போதாவது, பயனில்லாதவற்றை மெமரியிலிருந்து நீக்கும் கார்பேஜ் கலெக்‌ஷன் செய்யும்போது அது மூடப்படலாம், ஆனால் அது எப்போது என்று உங்கள் கையில் இல்லை. லேப்டாப்பில் ஒரே ஆள், சோதிப்பதும் தரவு இருக்கிற மாதங்களைத்தான். அதனால் தெரியவில்லை.

இன்றைக்கே நிறுத்த வேண்டுமென்றால், டிபிகனெக்ட்டுக்கு அடுத்த வரியிலேயே ஆன்.எக்ஸிட்டுக்குள் டிஸ்கனெக்ட்டைப் போடுங்கள். ரெக் நிறுத்தினாலும் பிழை வந்தாலும் அது ஓடிவிடும்.

ஆனால் வடிகட்டியை மாற்றும்போதெல்லாம் புது இணைப்பு திறப்பது வீண் செலவு. சரி, எல்லோருக்கும் பொதுவாக ஒரே இணைப்பைத் திறந்து வைத்தால்? டேட்டாபேஸ் ஒருமுறை ரீஸ்டார்ட் ஆனாலோ, சும்மா கிடந்த இணைப்பை ஃபயர்வால் வெட்டினாலோ, ஆப்பை மறுபடி தொடங்கும்வரை இருபது பேருக்கும் பிழைதான். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பூல் என்ற பேக்கேஜ் வருகிறது. வாடகை சைக்கிள் கடை மாதிரி: வேண்டும்போது ஒன்றை எடுத்துத் தரும், முடிந்ததும் வாங்கி வைக்கும், காற்று இருக்கிறதா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்ளும்.

ஷைனியின் சர்வர் ஃபங்ஷனுக்கு (திறக்கிற ஆளுக்கு ஒருமுறை ஓடுவது) வெளியே ஒரே ஒருமுறை டிபிபூல் எழுதுங்கள். உள்ளே எழுதினால் ஆளுக்கு ஒரு பூல் உருவாகி, போன சிக்கலே வேறு பெயரில் வரும். ஆப் நிற்கும்போது பூல்க்ளோஸ் ஓடும்படி ஆன்ஸ்டாப்பில் சொல்லுங்கள். அப்புறம் டிபிகெட்கொயரியில் இணைப்பின் இடத்தில் பூலைக் கொடுத்தால் போதும், வாங்குவதும் திருப்புவதும் தானாக நடக்கும்.

மேக்ஸ்சைஸை (பூலில் அதிகபட்சம் எத்தனை இணைப்பு என்பதை) மட்டும் விட்டுவிடாதீர்கள். அதன் இயல்பு மதிப்பு எல்லையின்மை, எனக்குப் பிடிக்காத இயல்பு மதிப்பு. 5 என்று வையுங்கள். இருபது பேருக்கு 5 எப்படிப் போதும்? ஒரு ஆர் பிராசஸ் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் செய்யும். இருபது பேர் ஒரே நொடியில் ஸ்லைடரை நகர்த்தினாலும் கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போகும். எல்லையைத் தொட்டால் இந்த பேக்கேஜ் காத்திருக்காது, உடனே பிழை தரும். அது நல்லதுதான். பூல்செக்அவுட் செய்து எடுத்த இணைப்பை யாரோ பூல்ரிட்டர்ன் செய்து திருப்பித் தரவில்லை என்பது முதல் நாளே தெரிந்துவிடும்.

அதே காரணத்தால், பூல் போட்டால் டேஷ்போர்டு பறக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். இணைப்பு திறக்கும் நேரம் மிச்சமாகும். பத்து நொடி ஓடும் எஸ்கியூஎல் பத்து நொடிதான் ஓடும், அதுவரை அந்த பிராசஸில் இருக்கிற மற்றவர்களும் காத்திருப்பார்கள். அதற்கு, டேபிளில் தேடலை வேகப்படுத்தும் இன்டெக்ஸைப் பாருங்கள். பலரும் ஒரே வடிகட்டியைத்தான் அழுத்துகிறார்கள் என்றால், ஒருமுறை கிடைத்த விடையைச் சேமித்து மறுபடி தரும் பைண்ட்கேஷ் (ஷைனி 1.6இல் வந்தது) நல்ல பலன் தரும்.

பூலுக்கு மாறும்போது ஒன்றில் கவனம் தேவை. அடுத்தடுத்த இரண்டு கேள்விகள் ஒரே இணைப்பில்தான் போகும் என்று உத்தரவாதம் இல்லை. டெம்ப் டேபிள் (அதைச் செய்த இணைப்புக்கு மட்டும் தெரியும் தற்காலிக டேபிள்) செய்து அடுத்த வரியில் அதிலிருந்து படிக்கிறீர்களா? பூல்செக்அவுட் செய்து ஒரே இணைப்பைக் கையில் வைத்துக்கொண்டு முடியுங்கள். டேட்டாபேஸில் எழுதுகிற வேலையென்றால் பூல்வித்டிரான்சாக்‌ஷன் இருக்கிறது, திருப்பிக் கொடுப்பதையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

கடைசியாகக் கணக்கு. ஒவ்வொரு ஆர் பிராசஸுக்கும் தனி பூல். ஷைனி ஓடும் உங்கள் சர்வர் நான்கு ஆர் பிராசஸ் ஓட்டினால் உச்சம் 4 × 5 = 20. டிபிபூலிலேயே அப்ளிகேஷன்_நேம் கொடுத்துவிடுங்கள், பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியில் உங்கள் ஆப்பின் இணைப்புகளை அந்தப் பெயரை வைத்து எண்ணலாம். அதோடு, பெயரே இல்லாமல் அதே யூசரில் ஏதாவது தெரிந்தால், பழைய டிபிகனெக்ட் ஒன்று இன்னும் எங்கேயோ உட்கார்ந்திருக்கிறது. ப்ராஜெக்ட் முழுக்கத் தேடி எடுத்துவிடுங்கள்.